பல்குச்சி நடுவர்

சந்தைக்குப் போய், ஒரு பொருளும் வாங்காமல், வயிறு நிறைந்து வீடு திரும்பும் ஓர் இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்க நீங்கள் கால் கடுக்க நிற்கும்போது, உங்கள் தோளுக்கும் முன்னால் நிற்பவரின் தோளுக்கும் நடுவில் ஒரு கை நீண்டு, மாதிரிக்கு வைத்திருக்கும் துண்டுகளில் பெரியதாகப் பார்த்துக் குத்தி எடுத்துக்கொண்டு மறையுமே, அந்தக் கையின் சொந்தக்காரர்தான். பசி என்று அவசரப்பட்டு இரக்கப்பட்டுவிடாதீர்கள். பசிக்குச் சாப்பிடுவது உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்கள். அவர் ருசி பார்க்க வந்தவர்.

ருசி பார்ப்பவரை அடையாளம் காண்பது எளிது. சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சொந்தப் பல்குச்சி இருக்கும். கடைக்காரர் வைத்திருக்கும் குச்சி மட்டமான மரம், நாக்கில் வாசனை ஏறிவிடும் என்பார். தோளில் ஒரு பாய்க்கூடை தொங்கும். கூடை காலி. வாங்கத்தான் வந்திருக்கிறார் என்ற நம்பிக்கையைக் கடைக்காரர் மனத்தில் உண்டாக்குவதைத் தவிர அந்தக் கூடைக்கு இந்த உலகத்தில் வேறு வேலை கிடையாது. "ஒரு துண்டு தின்னு பாக்கலாமா?" என்று அவர் ஒருபோதும் கேட்க மாட்டார்; கேட்டுத் தின்பது கௌரவக் குறைவு. "போன வாரத்துல இருந்து எண்ணெய மாத்திட்டீங்கபோல" என்று ஆரம்பிப்பார். எண்ணெயை மாற்றாத கடைக்காரருக்கும் கை நடுங்கும். நடுங்கும் கை தானாகவே தட்டை நீட்டும்.

அப்புறம் சடங்கு தொடங்கும். குச்சி இறங்கும், துண்டு ஏறும், கண் மூடும், தாடை மெல்ல அசையும், புருவம் ஒன்று மட்டும் கொஞ்சம் உயரும், தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் உறுமினாலும், ஒலிபெருக்கியில் சாக்ஸ் விற்பவன் கத்தினாலும், சொந்தப் பெண்டாட்டியே பெயர் சொல்லி அழைத்தாலும் அவருக்குக் காது கேட்காது. உடம்பு முழுவதும் நாக்காகிவிடும்.

தாமான் செரோஜா என்ற எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவர், மாமா என்ற பொருளில் எல்லோரும் பாக்சிக் என்று அழைக்கும் மிஸ்ரான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழில் தந்த பழக்கமோ என்னவோ, எதைப் பார்த்தாலும் ஓர் எண் சொல்லாமல் அவரால் நகர முடியாது. வாயால் சொல்ல மாட்டார், விரலால் காட்டுவார். பத்துக்கு இத்தனை. பழம் நறுக்கி விற்கும் ஆ கியோங்கின் பலாச்சுளைக்கு ஒரு நாள் அவர் ஒன்பது விரல் காட்டினார். அன்றிலிருந்து ஆ கியோங் சுளைக்கு முன்னால் தன் விரல்களை ஒன்பதாக விரித்துக் காட்டித்தான் வியாபாரம் செய்கிறார். கறி வைத்து மடித்த முர்தபா ரொட்டி போடும் யூனுஸுக்கு நாலு விரல். யூனுஸின் கல்லில் அப்புறம் ஈ கூட உட்காரவில்லை.

ஆறு விரல் என்றால் கூடவே ஒரு சொல்லும் வரும்: "போலேலா." மலாயில் அதற்கு இரண்டு முகம் உண்டு. இழுத்துச் சொன்னால், ஏதோ சாப்பிடலாம், செத்துப்போக மாட்டோம் என்று பொருள். வெட்டிச் சொன்னால், ஆகட்டும், செய் என்று பொருள். எவ்வளவு இழுத்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தந்த ஊர்க்காரர் காதுக்குத்தான் வெளிச்சம். பாக்சிக்கின் இழுப்பு எங்கள் தாமானுக்கு மனப்பாடம். ஆறு விரலும் அந்த இழுப்பும் சேர்ந்து வந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

இந்த நிலவரத்தில்தான் மெரியம் அக்கா வந்து சேர்ந்தார். டுங்குன் கடற்கரைக்காரர், கணவருக்கு வேலை மாற்றலாகி எங்கள் தாமானுக்குக் குடிவந்தவர். விற்றது கெரோப்போ லெக்கோர்: மீனையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து, கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி, வேகவைத்து, சாய்வாக வெட்டிப் பொரித்து, இனிப்பும் காரமுமான சாறு ஊற்றித் தருவது. ஊரில் இருக்கும் நாத்தனார் பிசைந்து ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். சந்தைத் தலைவர் ஹாஜி சுக்கார்மான் சந்து முனையில் ஓர் இடம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை.

"மூணு வெள்ளிக்கிழம பாப்பேன் மெரியம். கூட்டம் நிக்கலேன்னா எடத்த சாக்ஸ்காரனுக்குக் குடுத்துருவேன். அவன் தெனம் என் வீட்டு கேட்டுல வந்து நிக்கிறான்."

"நிக்கும் ஹாஜி. எங்க ஊர்ல இதுக்கு அடிச்சிக்குவாங்க."

"இங்க யாரும் அடிச்சிக்க மாட்டாங்க. பாத்துக்கிட்டே நிப்பாங்க."

அப்படியேதான் ஆயிற்று. முதல் வெள்ளி பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரண்டாம் வெள்ளியும் அப்படியே. ருசி சரியில்லையா? தின்றால் அல்லவா ருசி தெரியும்? அந்த இரண்டு வாரமும் பாக்சிக் மிஸ்ரான், கால் கட்டைவிரலில் கீல்வாதம் வந்து, செருப்புப் போட முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். மதிப்பெண் போடாத பலகாரத்தை வாயில் வைக்க எங்கள் தாமானில் யாருக்கும் துணிச்சல் இல்லை. "பாக்சிக் இன்னும் தின்னு பாக்கலையே" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மணத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மெரியம் அக்கா மீந்ததை இரண்டு வாரமும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். நாத்தனாரிடம் எல்லாம் விற்றுப்போயிற்று என்றார்.

மூன்றாம் வெள்ளி, வெயில் தணிந்த நேரத்தில், கூட்டம் தானாக விலகி வழிவிட, கொஞ்சம் நொண்டியபடி பாக்சிக் வந்தார். பக்கத்துக் கடை ஆ கியோங் குனிந்து கிசுகிசுத்தார்.

"அக்கா, அந்தா வர்றாரு பாரு, கூடைக்காரரு. அவரு நல்லாருக்குன்னு சொன்னா நீ பொழச்ச. இல்லேன்னா அடுப்ப அணைச்சிட்டு மூட்டைய கட்டு."

"பாக்க சாதாரணமா இருக்காரே."

"அதான் லா பயம்."

விரல் கணக்கையும் சொல்லித்தான் இருப்பார். அதற்குள் யாரோ அன்னாசி கேட்டு அவரைத் திருப்பிவிட்டார்கள்.

பாக்சிக் தட்டின் முன் நின்றார். அவர் பின்னால் தாமானே நின்றது. ஹாஜி சுக்கார்மானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றார்.

"இது டுங்குன் மீனா, இல்ல இங்க வாங்குன மீனா?"

"டுங்குன் மீனு பாக்சிக். என் நாத்தனா பிசைஞ்சது."

"நாத்தனா கைன்னா உப்பு ஒரு கை தூக்கலாத்தான் இருக்கும்."

கூட்டம் சிரித்தது. பாக்சிக் பெரிய துண்டாகப் பார்த்துக் குத்தினார். சாற்றில் ஒரு முனையை மட்டும் நனைத்தார். கண் மூடியது. காது அடைத்தது.

மெரியம் அக்காவுக்கு இந்தச் சடங்கு புதிது. அவர் ஊரில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றால், பேச முடியாத அளவுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நல்ல சத்தமாகவே கேட்டார்.

"பாக்சிக், வீட்டுக்குக் கட்டவா? எத்தன கட்ட?"

பாக்சிக்குக் கேட்கவில்லை. விழுங்கினார். கண்ணைத் திறக்காமலே, தீர்ப்பு சொல்லும் அந்தக் குரலில், "போலேலா" என்றார். இடது கை ஐந்து விரலும் விரிந்தது. குச்சி பிடித்திருந்த வலது கையிலிருந்து இன்னொன்று மேலே எழுந்தது.

ஆறு. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. முன்வரிசையில் நின்றவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஹாஜியின் கண் தூரத்தில் சாக்ஸ் விற்பவனைத் தேடியது. ஆ கியோங் அன்னாசியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை பேரிலும் ஒரே ஒருவர் காதில்தான் அது நல்ல செய்தியாக விழுந்தது.

"ஆறா? அல்ஹம்துலில்லா."

கரண்டி பறந்தது. பாக்சிக் அந்தக் கடைசி வாசனை தொண்டையில் அடங்கும்வரை காத்திருந்து, நிதானமாகக் கண்ணைத் திறந்தபோது, ஆறு பொட்டலமும் சாறு ஊற்றி, முடிச்சுப் போட்டு, அவருடைய கூடைக்குள் உட்கார்ந்திருந்தன. வாங்கிய நாளிலிருந்து எடை என்றால் என்னவென்று அறியாத அந்தக் கூடையின் கைப்பிடி முனகியது.

இனி இருப்பது ஒரே ஒரு வழக்கம். எங்கள் சந்தையில் பொருள் கை மாறும்போது, கொடுப்பவர் "விக்கிறேன்" என்பார், எடுப்பவர் "வாங்கறேன்" என்பார்; இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் வியாபாரம் முறையாக முடிந்ததாக அர்த்தம். நாங்களெல்லாம் மூச்சு விடுவதுபோல் சொல்லிவிட்டுப் போவோம். மெரியம் அக்கா வலது கையை நெஞ்சில் வைத்து, முகமெல்லாம் மலர்ச்சியாக, சொன்னார்.

"விக்கிறேன், பாக்சிக்."

திரும்பியவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சாறு பத்தலயா?"

"சாறெல்லாம் இருக்கு."

"பின்ன சொல்லுங்க பாக்சிக். சொல்லாம எப்படி?"

ஆ கியோங் கத்தியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க பாக்சிக். இத்தன வருசமா ஒங்க வாயில எல்லாம் போயிருக்கு. அந்த ஒரு வார்த்த மட்டும் வெளிய வந்ததில்ல. நாங்களும் கேக்குறோம்."

அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆறு என்றது மதிப்பெண், பொட்டலக் கணக்கு இல்லை என்று விளக்கலாம். விளக்கினால், ஊருக்குப் புதியவரான ஒரு பெண்ணிடம், அவர் சந்தோஷப்பட்டு நிற்கும்போது, நான் ஓசியில் தின்னத்தான் வந்தேன் என்று தாமான் முழுக்கக் கேட்க ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் கூடையைப் பார்த்தார். ஹாஜியைப் பார்த்தார். ஹாஜி வானத்தைப் பார்த்தார்.

"வாங்கறேன்" என்றார், தொண்டையில் சிக்கிய முள்ளை எடுப்பதுபோல.

அவர் நொண்டிக்கொண்டே சந்தைக் கோடியை எட்டுவதற்கு முன்பே செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மிஸ்ரான் வாங்கிவிட்டார். வாங்கியது மட்டுமா?

"நமக்கு ஆறுன்னு வெரல காட்டிட்டு, அவரு கூடைய ரொப்பிக்கிட்டுப் போறாரு, பாத்தியா?"

"கம்மியா போட்டா நாம வர மாட்டோம்ல. நல்லதெல்லாம் அவருக்கே மிஞ்சும். இத்தன வருசமா இப்படித்தான் ஏமாத்தியிருக்காரு மனுசன்."

அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் மெரியம் அக்காவின் தட்டு துடைத்ததுபோல் ஆகிவிட்டது. வரிசை சந்து முனையையும் தாண்டி ஹாஜியின் மோட்டார் சைக்கிள் வரைக்கும் நின்றது. ஹாஜி, "எடம் ஒனக்குத்தான் மெரியம், இனிமே அந்தப் பேச்சு இல்ல" என்றார். "எனக்கு ரெண்டு பொட்டலம் எடுத்து வையி. சாக்ஸ்காரனுக்குத் தெரிய வேணாம்." அன்றிரவு நாத்தனாரிடம் எல்லாம் விற்றுப்போயிற்று என்று சொன்னபோது மெரியம் அக்காவின் குரல் உடைந்துபோனதாம். இது ஆ கியோங் சொன்னது.

பாக்சிக் வீட்டில் என்ன நடந்தது? மனைவி மக்சிக் சவோடா கூடையில் கனத்தைப் பார்த்ததும் முதலில் அவர் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தாராம். பிறகு ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடி, மென்று, "போலேலா" என்று இழுத்துவிட்டு, ஐந்தாவது பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்கும்வரை வேறொன்றும் பேசவில்லையாம்.

அடுத்த வெள்ளி சந்தை தலைகீழாகிவிட்டது. நாலு விரல் வாங்கிய யூனுஸின் முர்தபாவுக்கு அடிதடி. ஒன்பது விரல் பலாச்சுளையை ஈதான் சுற்றியது. ஆ கியோங் பாக்சிக்கை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"பாக்சிக், ஒரு ஒதவி. எனக்கு ஒரு மூணோ நாலோ போடுங்க."

"ஒம்போது போட்டது என் நாக்கு. அத மாத்த முடியாது."

"நாக்க விடுங்க லா. வெரல மட்டும் மடக்குங்க."

பாக்சிக் மடக்கவில்லை, இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதற்கும் எங்கள் தாமான் அர்த்தம் கண்டுபிடித்தது: பத்து விரலையும் ஒளிக்கிறார் என்றால் பத்துக்குப் பத்து. அன்று அவர் நின்ற கடையிலெல்லாம் கூட்டம் நெருக்கியது. மாதிரித் தட்டு மட்டும் வரவில்லை. எந்தக் கடைக்காரர் முன்னால் போனாலும் மரியாதையாக எழுந்து நின்று, "எத்தன கட்ட பாக்சிக்?" என்கிறார்கள். எண்ணெயைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் இப்போது யார் கையும் நடுங்குவதில்லை. மெரியம் அக்காவிடம் மட்டும் போய், குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் "வாங்கறேன்" என்ற அந்த முள்ளை எடுத்துவிட்டு, ஒரு பொட்டலத்தோடு திரும்புகிறார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அந்த இனமில்லை, வாங்காத பொருளைத் தொடவே மாட்டேன் என்கிறீர்கள். இருக்கட்டும். புடவைக் கடையில் அடுக்கு முழுவதையும் பிரித்துப் போடச் சொல்லி, கரை சரியில்லை என்று எழுந்து வந்தது யார்? அத்தர் கடையில் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு வாசனை தடவிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது யார்? அதையும் விடுங்கள். இந்தப் பக்கத்தை எங்கே வைத்துப் படிக்கிறீர்கள்? வீட்டு நாற்காலியிலா, இல்லை, புத்தகக் கடை அடுக்கின் முன்னால் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி, அட்டை மடங்காமல், முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்குமா? என்னிடம் பதில் சொல்ல வேண்டாம். கல்லாவில் இருந்தவர் எழுந்து உங்கள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறார்.