கரடி வீட்டுப் பொங்கலும் காலிக் கட்டமும்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மேட்டில், யோபு என்றொரு கழுதை உபதேசியார் வேலை பார்த்தது. கழுதை என்று யாரும் சிரிக்க வேண்டாம்; உழைக்கிறவனிடம்தான் உலகம் கணக்குக் கேட்கும். மிஷன் ஆபீஸ் நரி மாதாமாதம் ஒரு ஃபாரம் அனுப்பும். அதில் 'மனம் திரும்பியவர்கள்' என்ற கட்டம் மூன்று மாதமாகக் காலி. இந்த மாதமும் காலி என்றால் பாலைவனத்துக்கு மாற்றல். அங்கே புல்லா முளைக்கும்?

பக்கத்துக் குகையில் மாடக்கண்ணு என்ற கரடி. யோபு கொடுக்கிற கிறிஸ்துமஸ் கேக்கை இலையோடு நக்கித் தின்னும். தன் சாமிக்குக் கொடைத் திருவிழா வந்தால் சர்க்கரைப் பொங்கல் அனுப்பும். யோபு பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டு, அப்படியே எருக்குழியில் கொட்டும்.

இந்த வருஷம் கொடையன்றைக்கு, யோபு ஃபாரத்தோடு கரடி வாசலில் போய் நின்றது.

"அண்ணாச்சி, ஒரு கைநாட்டு வையுங்க. பாலைவனத்துக்குப் போகாம தப்பிச்சுக்கிடுவேன்."

"நாலு வருஷமா நான் குடுத்த பொங்கல் எங்கவே?"

"தின்னேன் அண்ணாச்சி. அமிர்தம்!"

"உபதேசியாரே, இது கரடி மூக்கு. உம்ம எருக்குழியில ஏலக்காய் மணக்குது."

கழுதையின் காது இரண்டும் தொங்கிவிட்டன.

"வேற சாமிக்குப் படைச்சதை நாங்க தின்னக் கூடாதுன்னு..."

"வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லும்! சிரிச்சு வாங்கிக் குழியில கொட்டுறது என்ன மரியாதை? கைநாட்டு கிடையாது. ஒரு கவளம் என் கண்ணு முன்னால தின்னும். உம்ம பிரசங்கத்தை ஒரு மணி நேரம் கேக்கேன்."

"ரெண்டு மணி நேரம்."

"ஒன்றரை. பாட்டு கூடாது."

ஒரு கவளம் என்று ஆரம்பித்த கழுதை பானையை வழித்தது. பிறகு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை வேற்றுச் சாமி கும்பிடுகிறவன் தூக்கிச் சுமந்த கதையைச் சொன்னது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நல்ல ஆளுவே. அவன் பிறகு உங்க பக்கம் வந்தானா?"

"வேதத்துல அப்படி ஒண்ணும் சொல்லலை."

"ஆனாலும் உங்க சாமி அவனைப் பாராட்டினாரு?"

"ஆமா."

"உம்ம ஃபாரத்துல அவனுக்கு எந்தக் கட்டம்?"

கழுதை ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அப்படியொரு கட்டமே இல்லை. யோசித்தது. அன்றைக்கு மனம் மாறிய ஆள் ஒன்றே ஒன்றுதான். கட்டத்தில் 'ஒன்று' என்று போட்டு, பக்கத்தில் பொய்யில்லாமல் எழுதியது: யோபு.

நரி பெயரைப் படிக்கவே இல்லை. பொன்னாடை வந்தது. கூடவே கடிதம்: 'மிக்க மகிழ்ச்சி. அடுத்த மாதம் இரண்டு.'

யோபு தன் பெண்சாதி தெபோராளை மேலும் கீழும் பார்த்தது.

"ஏட்டி, உனக்குச் சர்க்கரைப் பொங்கல் பிடிக்குமா?"

நீதி: மனம் திரும்ப நினைப்பவர்கள் மாதக் கடைசிக்குள் திரும்பிவிடவும், யாரென்று ஆபீஸில் கேட்க மாட்டார்கள்.