படித்ததாக வைத்துக்கொள்வோம்

திருவாக்கு நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னர் வாய் திறந்து பேசிவிட்டால் போதும், அது மறுநாளே நூலாக அச்சாகி வீட்டுக்கு ஒன்று வந்துவிடும். படித்து முடிக்காத நூலை வீட்டைவிட்டு அகற்றுவது ராஜத்துரோகம். மன்னரோ சளைக்காமல் பேசுவார்.

செம்பாயியின் வீட்டில் முதலில் பரண் நிறைந்தது. பிறகு கூடம். இப்போது அவள் அடுப்படியில் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் தூங்குகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அவளுக்கு ஒரு பாய் விரிக்க இடம் வேண்டும்.

மக்கள் திணறுவது அரசின் காதுக்கும் எட்டியது. அரசு சும்மா இருக்கவில்லை. சாப்பிடும்போதும் படிக்கலாம் என்று அனுமதி வழங்கியது. குழம்புக் கையோடு பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு, எழுத்து அழிந்த நூல் ஒன்றுக்குப் புதிய நூல் இரண்டு வந்தன. அடுத்து, தேங்கிய நூல்களை விரைந்து படிப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டி வந்தது. பன்னிரண்டு தொகுதிகள். அது வந்த அன்று செம்பாயி வீட்டுச் சன்னல் மறைந்தது.

கடைசியில், நாட்டிலேயே அதிகம் தேங்கிய வீடு என்று அமைச்சர் அறவாழியார் அங்கே ஆய்வுக்கு வந்தார். உட்கார வேறு இடமில்லாததால் மன்னரின் பொன்மொழிகள் மேலேயே உட்கார்ந்தார்.

"ஏனம்மா படிப்பதில் இத்தனை சுணக்கம்? மன்னரின் உள்ளம் புண்படாதா?"

"நீங்க எத்தனை படிச்சீங்க சாமி?"

அமைச்சர் வாசலைப் பார்த்தார். வாசலும் பாதிதான் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதே தாயி. மன்னரே இப்ப குதிரை லாயத்துலதான் படுக்கிறார்."

"அட கடவுளே! ஏன்?"

"நீங்கல்லாம் எழுதுன மனுக்கள்தான். அரண்மனை முழுக்க அடைச்சுக் கிடக்கு. படிக்காத மனுவைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு பழைய சட்டம். குதிரை வேற அவரை உதைக்குது."

செம்பாயிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. அந்த மனுக்களில் அவளுடையதும் ஒன்று: ஆற்றுப்பாலம் இடிந்து கிடக்கிறது, கட்டித் தாருங்கள். பாலமா, பாயா? மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது.

"அப்ப ஒண்ணு செய்யுங்க சாமி. அவரு பேசினதை நாங்க படிச்சதா அவரு வச்சுக்கட்டும். நாங்க எழுதினதை அவரு படிச்சதா நாங்க வச்சுக்கறோம்."

அமைச்சர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அன்று மாலையே ஆணை பிறந்தது. யாரும் படிக்க நேரக் கூடாதென்று அதை அச்சிடாமல், முரசறைந்து மட்டும் அறிவித்தார்கள். நாடெங்கும் வண்டி வண்டியாகக் காகிதம் வெளியேறியது. மன்னர் பல மாதங்களுக்குப் பிறகு கட்டிலில் படுத்தார். செம்பாயி கூடத்தின் நடுவே பாயை விரித்து, முதலில் தானே அதில் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். என்ன சுகம்!

மகள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பாலம் இல்லாததால் வண்டி காட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தவள் கேட்டாள்:

"பாலத்துக்கு மனு குடுத்தியே, என்னம்மா ஆச்சு?"

"மன்னர் படிச்சிட்டாரு கண்ணு," என்றாள் செம்பாயி. "நீ காலை நல்லா நீட்டிப் படு."