பேக்ஸ்பேஸைத் தொடாத பாய்

மதுரையில் கம்ப்யூட்டர் மவுஸை ஜென்மப் பகையாக நினைத்த ஒரே மனிதர் கன்ட்ரோல் பாய்தான். செல்லூரில், தறிச் சத்தத்துக்கு மேலே மாடியில் இயங்கிய எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர். அத்தா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

பாய் வாழ்ந்ததெல்லாம் கருப்புத் திரையில். அங்கே எந்த வேலையையும் கட்டளை தட்டித்தான் வாங்க வேண்டும். கன்ட்ரோலோடு A தட்டினால் வரியின் தொடக்கத்துக்குப் போகலாம். W தட்டினால் கடைசியாக அடித்த சொல் முழுதாக அழியும். அங்கே எந்தக் கருவியைத் திறந்தாலும் அநேகமாக இதே கீதான். நான் பேக்ஸ்பேஸை அமுக்கி எழுத்தெழுத்தாக அழித்தால் பாய்க்கு வயிறு எரியும்.

"என்ன மாப்ள, கடலை உரிக்கிறியா? ஒரு சொல்லுக்கு எம்புட்டு நேரம்?"

என் வேலையை நிறுத்திவிட்டு W பற்றிப் பிரசங்கம் ஆரம்பிப்பார். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

அப்படிப்பட்டவருக்குப் பரவையில் பெண் பார்த்தார்கள். பாய்க்குப் பெண்ணை அநியாயத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பேச நாக்கு எழாது. போனில் தட்டலாமென்றால் அதில் கன்ட்ரோல் கீ கிடையாது. ஆகவே ஆபீஸ் கம்ப்யூட்டரில், பிரவுசரில் சாட்.

ஒரு மதியம் அந்தப் பெண் கேட்டாள்: "உண்மையிலேயே என்னைப் பிடிச்சிருக்கா?"

பாய் பதில் தட்டினார். ஒரு சொல் திருப்தியாக இல்லை. பழக்க தோஷம், கன்ட்ரோலோடு W. பிரவுசரில் அதைத் தட்டினால் அழிவது சொல் அல்ல, சாட் திறந்திருக்கும் டேப்பே மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தார், தட்டினார், திருத்தினார், மூடிக்கொண்டது. சாயங்காலம் வரை இதே கூத்து. அந்தப் பக்கம் தெரிந்தது இவ்வளவுதான்: மாப்பிள்ளை எழுதுகிறார், எழுதுகிறார், ஓடிப்போகிறார்.

பெண்ணின் அத்தா ஆபீஸுக்கே போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"தம்பி, அவருக்கு இஷ்டமில்லேன்னா இன்னைக்கே சொல்லிரச் சொல்லுங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

நான் விஷயத்தைச் சொன்னதும் பாய் அவசரமாக மறுபடி சாட்டைத் திறந்தார்.

"பேசாம ஆமான்னு அனுப்பிருங்க பாய்," என்றேன்.

"அதெப்படி மாப்ள, அம்புட்டு ஆசையா கேட்ட புள்ளைக்கு ஒத்த வார்த்தையிலயா சொல்றது?"

"அப்ப பேக்ஸ்பேஸை அமுக்குங்க."

என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இடது கை கன்ட்ரோல் பக்கம் போகாமலிருக்க, அதைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். வலது கையின் ஒற்றை விரலால் தட்டினார். தப்பு வந்தபோதெல்லாம் பேக்ஸ்பேஸ், ஒவ்வொரு எழுத்தாக. கடலைதான் உரித்தார். பதில் போய்ச் சேர்ந்தது, கல்யாணமும் நடந்தது.

நான் இப்போது வேறு ஆபீஸில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் பேக்ஸ்பேஸைத்தான் தட்டுகிறார்கள். யார் தட்டுவதிலும் அந்தப் பிரியம் இல்லை.