முனிராஜ் வாசித்த பேப்பர்

பேப்பரை ஊருக்கே உரக்க வாசிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பெங்களூரில் எங்கள் மர்பி டவுனில் அவர் பெயர் முனிராஜ். பேப்பர் வாங்குவது சலூன்காரர். கேட்பது முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும் ஆண்களும், எதிரே குழாயடியில் குடத்தோடு நிற்கும் நாங்களும். முனிராஜ் போடும் முதலீடு தொண்டை மட்டுமே.

முதலில் பேப்பரை உதறுவார். கண்ணாடியைத் துடைப்பார். ஓர் எழுத்துகூட வாசிக்காமலே, நாடு போகிற போக்கு சரியில்லை என்பார். பிறகு, மந்திரி ஊருக்குப் போனார் என்றிருந்தால் ஓடினார் என்று வாசிப்பார், அரிசி வரும் என்றிருந்தால் வருமாம் என்று இழுப்பார், கூட்டம் கொட்டாவி விட்டால் எங்கேயாவது ஒரு பாலத்தை இடித்துவிடுவார். பாலம் இடிந்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

நின்று கேட்காதவள் சந்திரம்மா ஒருத்திதான். அந்தக் குழாயைத் தெருவுக்குக் கொண்டுவர ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள். குடம் நிரம்பியதும் போய்விடுவாள். அதை முனிராஜ் மறக்கவில்லை. அந்த வருஷம் அவள் கார்ப்பரேஷன் எலெக்‌ஷனில் நின்றாள்.

ஓட்டுக்கு முந்தின வாரம் அல்சூரில் ஒரு படம் வந்தது. பேப்பர் முதலாளி ஒருவன், தனக்குச் சலாம் போடாத நல்லவரைத் திருடன் என்று தினமும் எழுதுகிறான். ஊர் நம்பிக் கல்லால் அடிக்கிறது. தெருவே போய்ப் பார்த்தது. ஏமாந்த அந்த ஊரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து முனிராஜுக்கு இருமல் வந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் எங்களுக்கு விளக்கம்.

"அச்சுல வந்தா நம்பிடறதா? ஜனங்களுக்கு மூளை வேணாமா?"

வேண்டும் என்றோம்.

மறுநாள் பேப்பரை உதறினார். சந்திரம்மா ஜெயித்தால் குழாயைப் பிடுங்கி, அடுத்த தெருவில் தன் அக்கா வீட்டு வாசலில் வைக்கப்போகிறாள் என்று வாசித்தார். லட்சுமம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"நிஜமா போட்டிருக்கா அண்ணா?"

"சும்னே சொல்வேனா தாயீ? அச்சுல இருக்குது."

சந்திரம்மா வந்து, தனக்கு அக்காவே கிடையாது என்றாள்.

"பேப்பர்ல போட்டிருக்காங்களே, சந்திரம்மா" என்றாள் லட்சுமம்மா, பரிதாபப்பட்டு.

சந்திரம்மா தோற்றாள். குழாய் அங்கேயேதான் இருக்கிறது. ஜெயித்தவர் இந்தப் பக்கம் வருவதில்லை. அவரைப் பார்த்துத் தண்ணீரும் வருவதில்லை.

முனிராஜ் அன்று வாசித்த பேப்பரைச் சலூன்காரர் மனைவியிடம் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி நானே படித்தேன். தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. சந்திரம்மா இல்லை.

நான் சொன்னதும் தலையாட்டுகிறீர்களே, அந்தப் பேப்பரை நீங்கள் பார்த்தீர்களா?

போகட்டும். சாயங்காலம் இதை யாருக்காவது சொல்லாமல் இருக்கமாட்டீர்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாடு போகிற போக்கில் ஆரம்பிப்பீர்கள். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் தயவுசெய்து பாலத்தை மட்டும் இடிக்காதீர்கள்.