ட்ரையல் குடித்த டீ

தியாகராய நகரில் எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்காத ஒரே ஆத்மா, மேன்ஷனில் என் அறையில் இருந்த, நாங்கள் ட்ரையல் என்று பட்டப்பெயர் வைத்த நண்பன்தான். குடை வாங்கினால் கடை வாசலிலேயே விரித்து, ஒரு பக்கெட் தண்ணீர் கேட்பான். தலையணை வாங்கப் போனவன் அதில் தலை வைத்துப் பார்த்து அங்கேயே தூங்கிவிட்டான். ஷட்டரை இறக்கும்போது எழுப்பினார்கள். கொஞ்சம் உயரம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தான். இத்தனைக்கும் அவனே ஜவுளிக்கடை சேல்ஸ்மேன்.

அவனுக்குத்தான் கிரிப்டோ ஆசை வந்தது. நேற்று முளைத்தது எதுவும் வேண்டாமாம். பணம் கொடுக்கல் வாங்கலுக்கென்றே வந்த, பல வருஷம் அடிபட்டும் நிற்கிற பழைய நாணயம் ஒன்றில் கண் வைத்தான். கையில் இருந்ததோ வீட்டு அட்வான்ஸ். சங்கரன்கோவிலில் இருக்கும் மனைவியையும் மகளையும் அழைத்துவர நங்கநல்லூரில் ஒற்றை அறை வீடு பேசியிருந்தான். பணம் பெருகினால் பெரிய வீடு. போய்விட்டால் மறுபடியும் மேன்ஷன், மறுபடியும் என் குறட்டை.

கொடுக்கல் வாங்கலுக்கு வந்ததென்றால் கொடுத்துப் பார்த்துவிடுவோம் என்று, போன் ஆப்பில் துளியூண்டு வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் போனான். கடைக்காரர் போனிலும் அந்த ஆப்பை ஏற்றினோம். டீ ஆறுவதற்குள் நாணயம் போய்ச் சேர்ந்தது. ட்ரையல் தெருவிலேயே குதித்தான். அவரும் சிரித்தார்.

மறுநாள் விலை ஏறியது. ட்ரையலுக்கு முகமே சரியில்லை. முந்தின நாள் குடித்த பதினைந்து ரூபாய் டீ இப்போது இருபது ரூபாய் டீயாகிவிட்டதே என்று புலம்பி, ஈடாக ஒரு வடை கேட்டு வாங்கித் தின்றான். அதற்கு மறுநாள் விலை சரிந்தது. கடைக்காரர் எங்களுக்காகவே காத்திருந்தார்.

"நைனா, உன் காசு எறங்கிக்கினே கீது. அந்த வடைக்கு இன்னா சொல்றே?"

இருவரும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு நியாயம் பேசியதில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ட்ரையல் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, ஏறுனா எனக்கு வயித்தெரிச்சல், எறங்குனா அவருக்கு. ஒரு டீய நிம்மதியா குடிக்க முடியல. இதுல எம்புள்ள இருக்கப்போற வீட்டப் போடணுமால?"

அன்றே நங்கநல்லூர் போய் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டான்.

சில மாதம் கழித்து அந்த நாணயம் எகிறியது. மேன்ஷனே உச்சுக்கொட்ட, நான் சேதி சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவன் மனைவி குறைபட்டுக்கொண்டார். "தொறந்துகூடப் பாக்காம அட்வான்ஸ் குடுத்திருக்காங்கண்ணே." ட்ரையலின் வயிற்றின் மேல் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினான், முகமெல்லாம் பல்லாக.

விலையைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். இந்த மழைக்கு ஒரு குடை வாங்க வேண்டும். அவன் இல்லாமல் கடைக்குப் போக எனக்கு மனசே வரவில்லை.