கயிறு இழுக்கக் கொடுத்து வைத்தவர்கள்

காரைக்குடி வட்டாரத்தில் ஓடுகிற பழைய ஜீப் எதுவுமே நுரையண்ணன் கை படாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியது கிடையாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதற்கு முன் கண்ணாடி மாற்றிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் காது மடலில் ஒரு பொட்டு நுரை காயாமல் இருக்கும். செல்போன் அடித்தால் முழங்கையால் தட்டி எடுத்து, தரையில் வைத்துக் குனிந்து பேசுவார். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன்.

அரியக்குடிக்குப் போகிற சாலையில் அவருடைய தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. பழைய ஜீப்புக்குக் கண்ணாடியும், அதைச் சுற்றி வருகிற ரப்பர் பீடிங்கும் மாற்றுவது ஒன்றுதான் வேலை. புது மாடல் காரில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்களாம். அதை அவர் ஒரு வேலையாகவே மதிக்க மாட்டார். ஒருத்தர் பளபளவென்று புதுக் கார் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஒட்டுகிற வேலைக்குத் தபால் ஆபீசுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டினவரின் சொந்த ஜீப்பில் அப்போதெல்லாம் முன் கண்ணாடி கிடையாது. வெறும் சட்டம் மட்டும் நிற்கும். வெல்டிங் பட்டறைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு ஓட்டுவார். மழை வந்தால் அதே கண்ணாடியோடு ஒரு மழைக்கோட்டும் சேரும். ஏண்ணே இப்படி என்று கேட்டால், காற்று வரட்டும் என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

அவர் கண்ணாடி மாட்டுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. புது ரப்பரைக் கண்ணாடி விளிம்பில் சுற்றி மாட்டுவார். ரப்பரின் உள்பக்கப் பள்ளத்தில் சுற்றிவர ஒரு கயிற்றைப் பதிப்பார். சோப்புத் தண்ணீரைத் தடவி, வெளியிலிருந்து ஜீப்பின் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்துவார். இப்போது வண்டிக்கு உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து கயிற்றின் முனையைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர, ரப்பரின் உதடு சட்டத்தின் மேல் ஏறி உட்காரும். நுரையண்ணன் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வருவார். உள்ளே இழுப்பவன் அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும், அல்லது ரப்பர் மடங்கி மழை உள்ளே வரும்.

மாட்டி முடித்ததும் அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பேப்பரை விரித்துப் படிப்பார். வெளியிலிருந்து நாம் குடம் குடமாக ஊற்ற வேண்டும். பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. மொத்தத்தையும் கழற்றி மறுபடி முதலில் இருந்து மாட்டுவார்.

உள்ளே இருந்து கயிறு இழுக்கிறது யார் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். வண்டியின் சொந்தக்காரர் இழுக்கவே கூடாது. சொந்த வண்டி என்றால் கை பதறுமாம். ஆனால் கூட வந்தவர், வழியில் போனவர் என்று யாரையாவது சட்டென்று கை காட்டிவிடுவார். அந்தக் கை என் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் மூன்று வருஷமாக என்னுடைய ஒரே ஆசையாக இருந்தது.

ஆசை பிறந்த கதை இது. நான் இங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா. கண்டனூரில் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற ஒரு பெரிய வீட்டின் கொட்டடியில் கிடந்த ஜீப்பை ஆசைப்பட்டு வாங்கினேன். கண்ணாடி ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, நடுவில் ஒரு விரிசல். ரப்பர் பீடிங் தொட்டால் முறுக்குத் தூளாக உதிர்ந்தது. நுரையண்ணனிடம் கொண்டுபோனேன். கூட என் மனைவி பிலோமியின் தம்பி அந்தோணியும் வந்தான். வேலை வெட்டி ஒன்றுமில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தான்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க இப்படி அங்குட்டு நில்லுங்க. தம்பி, நீங்க உள்ள ஏறுங்க" என்றார்.

அந்தோணி ஏறினான். இழுத்தான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. நுரையண்ணன் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கல்யாணமான நாளில் மோதிரம் போட்ட விரலைக்கூட யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அதற்குப் பிறகு அந்தோணியைத் தாங்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கிற புதுநன்மை விசேஷத்தில், ஒரு தடவை துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூட, மச்சான் வண்டிக்குக் கண்ணாடி மாட்டினதே நான்தான் என்று ஆரம்பித்துவிடுவான். பிலோமியிடம் முறையிட்டேன். கண்ணாடி நன்றாக நிற்கிறதல்லவா, யார் இழுத்தால் என்ன என்று கேட்டாள். கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று இரண்டு நாள் அவளோடும் பேசவில்லை.

சொந்த வண்டியில்தானே எனக்கு இடமில்லை, அடுத்தவர் வண்டியில் இழுக்கலாமே என்று தோன்றியது. சனிக்கிழமை தவறாமல் கொட்டகையில் போய் உட்கார ஆரம்பித்தேன். பதினோரு மணிக்கு டீக்கடையிலிருந்து உளுந்து வடையும், நூல் சுற்றிய சட்னிப் பொட்டலங்களும் வரும். கையில் நுரை இருப்பதால் வந்திருப்பவர்களிடம் ஆளுக்கொரு பொட்டலமாக நீட்டிப் பிரிக்கச் சொல்வார். நான் ஓடிப் போய் ஒன்றை வாங்கி, பல்லால் ஒரு கடி கடித்துக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, இழுக்கத் தயார் என்கிற முகத்தோடு நிற்பேன்.

கண்டனூர் ஆச்சி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் வீட்டு ஜீப்பை அனுப்பியிருந்தார். கூடவே கல்யாணச் சமையல்காரர், காய்கறி வாங்கப் போகிற வழியில் ஏறி வந்திருந்தார். அண்ணன் சமையல்காரரைக் கை காட்டினார். அடுத்த வாரம் ஒருத்தர் அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்கு வழி கேட்டு பைக்கை நிறுத்தினார். அவருக்கு ஒரு வடை கொடுத்து உட்கார வைத்து, கயிற்றையும் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஆள் அழகாக இழுத்துக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போய்விட்டார். பெயர்கூடத் தெரியாத ஒரு மனுஷனை நினைத்து நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

நுரையண்ணன் இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாதா என்று ரோஷம் வந்தது. என் ஜீப்பின் கதவுகளுக்கும் ரப்பர் மாற்ற வேண்டியிருந்தது. ஆன்லைனில் வரவழைத்தேன். வீடியோ பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, யாரையும் கூப்பிடாமல் நானே இழுத்து, நானே தட்டி, இரண்டு கதவுக்கும் ரப்பரை மாட்டினேன். அன்று சாப்பிட்ட சாப்பாட்டின் ருசியே தனி.

அடுத்த வாரம் சிங்கம்புணரி சந்தைக்கு அந்தோணியோடு போகும்போது மழை பிடித்துக்கொண்டது. என் பக்கக் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வந்தது வெளியே போகவில்லை. வரிசையாக வந்து என் மடியிலேயே சேர்ந்தது. சந்தை வாசலில் நான் இறங்கியபோது மழை விட்டிருந்தது. சட்டை காய்ந்திருந்தது, பேண்ட் மட்டும் நனைந்திருந்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தோணி தேங்காய் வாங்குகிற சாக்கில் பத்தடி தள்ளியே நடந்தான்.

திரும்பியதும் அவன் நேராகக் கொட்டகைக்குப் போய்ச் சொல்லிவிட்டான். நுரையண்ணன் வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்து ரப்பரை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சார், உதட்டை உள்பக்கமாத் திருப்பி மாட்டியிருக்கீக. வெளிய பேயுற மழை உள்ள வந்துட்டா, திரும்பப் போயிராம இருக்க வழி பண்ணியிருக்கீக" என்றார். அவரே கழற்றிச் சரியாக மாட்டினார்.

இனிமேல் மானம் போக மிச்சம் ஒன்றுமில்லை என்பதால் கேட்டுவிட்டேன். வழி கேட்டு வந்தவனுக்கெல்லாம் கயிற்றைக் கொடுக்கிறீர்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று.

"இத்தனை சனிக்கிழமையாப் பாக்குறேன். சட்னிப் பொட்டலத்தை ஒரு நாளாச்சும் அவுத்திருக்கீகளா? கடிச்சுல்ல புடுங்குறீக" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. பொட்டலம்தான் பரீட்சை. நூலின் நுனியைத் தேடி, நெருக்காமல், அறுக்காமல் சுற்றிச் சுற்றிப் பிரிக்கிற கை எதுவோ, அதுதான் கயிறு இழுக்கிற கை. அந்தோணி முதல் நாளே பிரித்திருக்கிறான். சமையல்காரருக்குச் சொல்லவே வேண்டாம். கோயிலுக்கு வழி கேட்டவரும் வடை தின்னும்போது பிரித்திருக்கிறார். நான் ஒருத்தன்தான் வாரா வாரம் பரீட்சைத் தாளையே கடித்துத் துப்பியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் வடை. பிலோமி, வீட்டில் சட்னி அரைக்க ஆள் இருக்கும்போது எதற்குக் கடைப் பொட்டலம் என்று கோபப்பட்டாள். வடையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் நூலோடு உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு முந்தின சனிக்கிழமை அவரே போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போறீகளா சார்" என்றார். போனால் கொட்டகையில் வேறு வண்டி எதுவும் இல்லை. அவருடைய சொந்த ஜீப் மட்டும் நின்றது. பக்கத்தில் புதுக் கண்ணாடி. ரப்பர் மாட்டி, கயிறு பதித்து, நுரை தடவித் தயாராக இருந்தது.

சொந்தக்காரன் கயிறு இழுக்கக் கூடாது என்கிற சட்டம் அவருக்கும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷமும் அவர் காற்று வாங்கவில்லை. ஒரு கைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

வடை வந்தது. பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். ஒரு மாதப் பயிற்சி இருக்கிறதே என்று நம்பி வாங்கினேன். நூல் நுனி அகப்படவில்லை. இந்தப் பக்கம் தேடினேன், அந்தப் பக்கம் தேடினேன், என்னையறியாமல் பொட்டலம் வாய்க்குப் போய்விட்டது. சட்டையெல்லாம் சட்னி.

முடிந்தது என்று நினைத்தேன். அந்தோணிக்குப் போன் போடுங்கள் அண்ணே என்று நானே சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் நுரைக் கையாலேயே என் சட்டையைத் துடைத்துவிட்டார். "தம்பி கை நல்ல கைதான். சமையக்காரர் கை அதவிட நல்ல கை. ஆனா அவுகள்லாம் கண்ணாடி மாட்ட வந்தாக. நீங்கதான் ஒரு சோலியும் இல்லாம எனக்காக வந்து உக்காந்திருந்தீக. ஏறுங்க சார், ஒடஞ்சா ஒடையட்டும்" என்று கயிற்றை என் கையில் வைத்தார்.

பொறாமையில் வந்து உட்கார்ந்தேன் அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறி இழுத்தேன். முக்கால் சுற்று ஒழுங்காக வந்தது. அவருடைய கை வெளியே தட்டத் தட்ட, என் கை உள்ளே நகர்ந்தது. கடைசி மூலையில், இடது பக்கம் மேலே, சந்தோஷத்தில் கொஞ்சம் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். கண்ணாடி உடையவில்லை. ரப்பர் மட்டும் லேசாக மடங்கியது.

அவர் இடது சீட்டில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். நான் குடத்தை ஊற்றினேன். பேப்பரில் டப்பென்று ஒரு சொட்டு விழுந்தது. கழற்றப் போகிறார் என்று நான் தலை குனிந்து நின்றேன். அவர் சொட்டைப் பார்த்தார், மேலே மூலையைப் பார்த்தார், பேப்பரை மடித்துக்கொண்டு ஸ்டியரிங் இருக்கிற வலது சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

போன மாதம் அந்தோணி அந்த மூலையைப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றி நான் சரியாக இழுத்துத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறான். "அது சார் இழுத்த மூல தம்பி. இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவன் முகம் போன போக்கைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மழை நாளில் நுரையண்ணன் ஜீப்பில் போக நேர்ந்தால் நான் இடது சீட்டில்தான் உட்காருகிறேன். சொட்டு நேராக என் தோளில் விழும். அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.