உறை பிரிக்காத சோபா

இனிமேல் எந்தப் பழைய சாமானும் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று உறைக்காரர் தீர்மானம் போட்டார். இது பதினோராவது தீர்மானம். முந்தைய பத்துத் தீர்மானங்களும் அமலில் இருந்தபோதுதான் மூன்று நாற்காலிகள், ஒரு புத்தக அலமாரி, ஒரு நிலைக்கண்ணாடி, யாரோ ஒரு பல் டாக்டர் உபயோகித்த சுழல் முக்காலி எல்லாம் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தன. அதற்காக மனிதர் அசரவில்லை. மேசையை ஓங்கித் தட்டினார். அந்த மேசையும் பழசுதான். அவர் வேலை பார்க்கும் கடையின் புது மேசைகளை யாரும் அப்படித் தட்டிவிடக் கூடாது என்பது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்.

உறைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். எதை வாங்கினாலும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார். ரிமோட் உறையோடு இருக்கும். கைப்பெட்டி உறையோடு இருக்கும். மூக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைக்கூட ஒரு வருஷம் எடுக்காமல், அதன் ஓரம் வழியாகவே உலகத்தைப் பார்த்தவர். ஊரிலேயே பெரிய மரச்சாமான் கடையில், சோபாப் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக விற்பனையாளர். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவியோ, பழைய சாமான் கடை கண்ணில் பட்டால் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவாள்.

கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அது ஒரு தனி ருசி. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். மேசையின் இழுப்பறையை இழுத்து உள்ளே முகர்ந்து பார்ப்பாள். அலமாரியை விரல் மடக்கித் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பாள். ஒரு மேசைக்கு அடியில் ஏதோ ஒரு குழந்தை பென்சிலால் வரைந்த குதிரை இருந்தது. அந்தக் குதிரைக்காகவே மேசையை வாங்கினாள். புதுக் கடையில் ஒரே முகத்தோடு நூறு நாற்காலி நிற்கும், இங்கே ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்பது அவள் கட்சி. கடைக்காரரே அறியாத நல்ல மரம் தூசுக்குள்ளிருந்து வெளிப்படும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை உறைக்காரர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதுவும் அவருக்கு ஒரு குறை.

பதினோராவது தீர்மானத்துக்குக் காரணம் இருந்தது. கடைக்குப் புதுக் கிளை வரப்போகிறது. அதற்கு மேலாளர் வேண்டும். போட்டியில் இருப்பது இரண்டே பேர் என்று கடை முழுக்கப் பேச்சு: சோபாப் பிரிவில் இவர், கட்டில் பிரிவில் இன்னொருவர். இந்த நேரத்தில், யார் வீட்டுப் படியும் மிதிக்காத முதலாளி, வியாழக்கிழமை காலையில் இவர் தோளில் கை வைத்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உறைக்காரர் அன்றைக்கு ஒரு சோபாவும் விற்கவில்லை. தனி அறை, கண்ணாடிக் கதவு, உட்கார்ந்து செய்கிற வேலை. சோபா விற்கிறவன் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே விற்கிறான் என்பது வாடிக்கையாளர்களுக்கு எங்கே தெரிகிறது?

"சோபா விக்கிறவன் வீட்டுல பல் டாக்டர் முக்காலி இருந்தா அவரு என்ன நினைப்பாரு?" என்று கேட்டார்.

"பல்லு வலின்னு நினைப்பாரு."

"விளையாடாத. என்னோட இருபத்திரண்டு வருஷம் இது."

"சரி, என்ன செய்யணும்கறீங்க?"

திட்டத்தைச் சொன்னார். கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானையும் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். உறை மட்டும் பிரிந்திருக்கக் கூடாது. இப்படி ஒரு விதி இருக்கும்போது உலகத்தில் அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? மச்சான் பெயரில் பில் போட்டு சனிக்கிழமை ஒரு சோபாவை வரவழைப்பது. பழசையெல்லாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா வீட்டுக்கு ஏற்றிவிடுவது. முதலாளி வருவார், பார்ப்பார், உச்சி குளிர்ந்து போவார். திங்கட்கிழமை சோபா திரும்பிப் போகும், கண்ணாடிக் கதவு வந்து சேரும்.

பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னார். தன் நாற்காலிகளைத் தொட்டால் அவள் பத்ரகாளி ஆகிவிடுவாள் என்பது பத்துத் தீர்மானங்களின் அனுபவம். ஆனால் அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்ல யோசனைதான் என்றாள். இந்த இடத்தில் வேறு எந்தப் புருஷனும் உஷாராகியிருப்பான். உறைக்காரர் தன் பேச்சுத் திறமையை மெச்சிக்கொண்டார்.

"எந்த சோபா?" என்று மட்டும் கேட்டாள். "போன மாசம் புதுசா வந்துதுன்னு சொன்னீங்களே, உக்காந்தா உள்ள போயிடும்னு, அந்த வெள்ளையா?"

"அதேதான். கடையிலயே ஒசத்தி அதுதான்."

"அப்ப அதையே கொண்டாங்க. வேற எதுவும் வேணாம்."

ஒரே ஒரு கைவைத்த நாற்காலி மட்டும் கனம், மாடிக்கு ஏற்ற முடியாது, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். வென்றவனுக்குப் பெருந்தன்மை வேண்டும் அல்லவா? போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை சோபா வந்தது. கூடத்தில் முக்கால்வாசியை அது எடுத்துக்கொண்டது. மீதிக் கால்வாசியில் நின்று உறைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டிலும் அதில் உட்காரவில்லை. பழக்கம் இல்லை.

ஞாயிறு மாலை முதலாளி வந்தார். கனத்த உடம்பு. அவருக்கு இடுப்பு வலி பத்து வருஷமாக உண்டு. தினமும் கடையில் அவர் முனகுவதை உறைக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவிக்கு நடித்தே காட்டியிருக்கிறார். முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், எதையோ தேடுகிறவர் போல இன்னொரு முறையும் பார்த்தார், பிறகு சோபாவில் உட்கார்ந்தார். உறை நீளமாக ஒரு சத்தம் போட்டது. மனிதர் உள்ளே போனார், இன்னும் உள்ளே போனார், முழங்கால் மார்பு மட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது வாங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று அந்த ஆழத்திலிருந்து கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார்."

போன மாதம் அந்த சோபா லாரியிலிருந்து இறங்கியபோது பக்கத்தில் நின்று எண்ணியவர் முதலாளி.

"உறையை இன்னும் பிரிக்கலியே?"

"நம்ம கடைச் சாமான் மேல ஒரு மரியாதை சார்."

முதலாளி கையை ஊன்ற இடம் தேடினார். இடுக்கில் விரல் போய், ஒரு அட்டை வெளியே வந்தது. மூன்று நாள் பார்வைக்கு என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உறைக்காரர் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. மெத்தையின் அடர்த்தி, துணியின் நெசவு, ஐந்து வருஷ உத்தரவாதம் என்று ஆரம்பித்து, சோபாவின் சொந்தக்காரருக்கே அந்த சோபாவை விற்கத் தொடங்கிவிட்டார். குடும்பத்துக்கு ஏற்றது என்றுகூடச் சொன்னார்.

டீ வந்தது. அதை வாங்க முதலாளி நிமிரப் பார்த்தார். உறை வழுக்கியது. திரும்பவும் முயன்றார், திரும்பவும் வழுக்கினார். உறைக்காரர் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். பாதி எழுந்த நிலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலாளி கேள்விக்குறியாக நின்றுகொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி சமையலறையிலிருந்து கைவைத்த நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்குப் பின்னால் போட்டாள். மாடிக்கு ஏற்ற முடியாத கனம் என்று சொன்னவள், ஒற்றை ஆளாகத்தான் தூக்கி வந்தாள்.

முதலாளி அதில் மெல்ல இறங்கினார். முதுகு சாய்ந்தது. கைகள் தாமாகவே கைப்பிடிமேல் படிந்தன. இடுப்பு வலி இல்லாத முதலாளியின் முகத்தை உறைக்காரர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல சார், பரண்ல ஏறுறதுக்கு வச்சிருக்கோம்" என்று அவசரமாகச் சொன்னார்.

முதலாளி அவரைக் கவனிக்கவில்லை. "இது எங்க கெடைச்சுதும்மா?"

"பழசுதான் சார்" என்றாள் அவள். "ஏற்கெனவே பல பேரு உக்காந்து பாத்தாச்சு. ஒடியறதா இருந்தா அப்பவே ஒடிஞ்சிருக்கும். புதுசா இருந்தா, அதை நம்ம இடுப்பை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

முதலாளி தலையாட்டினார். பிறகு, "மத்ததெல்லாம் எங்க?" என்றார்.

மத்ததெல்லாம் என்ற வார்த்தை உறைக்காரரின் காதில் முள்ளாகக் குத்தியது. மற்றவை இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? அவர் அதை யோசித்து முடிப்பதற்குள் மனைவி முன்னால் நடக்க, முதலாளி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார். சோபாவுக்குக் காவலாக உறைக்காரர் கீழேயே நின்றார். மேலே நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. அலமாரியைத் தட்டும் சத்தம் கேட்டது. சுழல் முக்காலி சுற்றும் சத்தமும், தையல்காரம்மா சிரிப்பும், அதற்கும் மேலே முதலாளி வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சிரித்து இவர் கேட்டதே இல்லை.

இறங்கி வந்த முதலாளி விஷயத்தைச் சாவகாசமாகச் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை உறைக்காரர் லீவு போட்டிருந்தார். வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மனைவி கடைக்குப் போயிருக்கிறாள். புதுசு வாங்குகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய சாமான்கள் கடைக்குப் பின்னால் கொட்டகையில் மலையாகக் கிடக்கும்; மழைக்காலம் முடிந்ததும் விறகுக்குப் போகும். அந்தக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, நேராக முதலாளி அறைக்குள் போய்விட்டாள்.

"விறகுக்குப் போறதுல பாதி, முன்னாடி கண்ணாடிக்குள்ள வச்சிருக்கறதை விட நல்ல மரம்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. புதுக் கிளையைப் பழைய சாமானுக்கே தொறங்கன்னாங்க. வீட்டுல என்ன வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்னேன். அதான் வந்தேன்."

உறைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "அப்போ மேனேஜர்..."

"அவங்கதான். வேற யாரு?" என்றார் முதலாளி. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கைவைத்த நாற்காலியைக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இப்போதைக்கு இல்லை, அதே ஜோடியில் இன்னொன்று கொட்டகையில் கிடக்கிறது, துடைத்து வைக்கிறேன் என்றாள் அவள். மேலாளர் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

கார் போனதும் உறைக்காரர் கதவைச் சாத்தினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க அந்த சோபாவைக் கொண்டாந்திருப்பீங்களா?"

"அது எதுக்கு உனக்கு?"

"அதுல உக்காந்து எழுந்தாத்தானே இதோட அருமை அவருக்குத் தெரியும். அதை எப்படிடா வீடு வரைக்கும் கொண்டு வர்றதுன்னு ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தேன். நீங்களே லாரி வச்சுக் கொண்டாந்துட்டீங்க."

அவருக்கு அழுகைகூட வந்தது. இருபத்திரண்டு வருஷம் நின்ற கால்கள் அவை. நிற்க முடியாமல் பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தார். கைவைத்த நாற்காலிதான் பக்கத்தில் இருந்தது. சொல்லக் கூடாதுதான், சுகமாக இருந்தது. அவள் இன்னொரு டம்ளர் டீ கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டு, சோபாப் பிரிவில் நின்றுகொண்டே சாக வேண்டாம், என் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதுங்கள், அங்கே உட்கார இடம் நிறைய இருக்கும் என்று சொன்னாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். டீயைக் குடித்துவிட்டு, மனுவை எழுதினார்.

புதுக் கிளையின் முதல் நாளே உறைக்காரர் இருபது நிமிஷம் தாமதம். மேலாளர் எழுத்து மூலமாக விளக்கம் கேட்டார். மேலாளர் முந்தைய பஸ்ஸில் கிளம்பிவிட்டபடியால், வீட்டைப் பெருக்கி, மேலாளர் குடித்த டீ டம்ளர் உள்ளிட்ட பாத்திரங்களைத் துலக்கி, கதவைப் பூட்டிக்கொண்டு வர நேரமாகிவிட்டது என்று உறைக்காரர் பணிவுடன் எழுதிக் கொடுத்தார். மத்தியானம் அந்தத் தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது: "விளக்கம் ஏற்கப்பட்டது. நாளை முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கவும்."